ஏவலுக்கு எந்த மொழி? – மெக்கின்டாஷும் நம் தமிழும்

கொடுத்த வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு, ‘அடுத்த வேலை என்ன?’ என்று எஜமான் முன்னால் வந்து நிற்கும் பூதத்தின் கதையைக் கேட்காமல் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வளர்ந்திருக்க மாட்டார்கள். வேலை கொடுக்காவிட்டால் எஜமானையே விழுங்கிவிடும் பூதம் அது. கடைசியில் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லி அதை மடக்குவார்கள். அந்தப் பூதத்துக்கு எந்த மொழி தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. கதை சொல்கிற பாட்டி தமிழ், எஜமான் தமிழ், ஆகவே பூதமும் தமிழ்தான்!

கம்ப்யூட்டர் என்கிற பூதத்திடம் வரும்போதுதான் இந்தக் கேள்வி பெரிதாகிறது.

மலர்க் குழுவினர், “கம்ப்யூட்டர் சரித்திரம் ஏதாவது எழுதுங்க, இப்ப படிக்கிற பசங்களுக்கும் பயன்படணும்” என்று கேட்டுக்கொண்டார்கள். முழுச் சரித்திரமும் எழுத இந்த மலர் போதாது. ஆகவே ஒரே ஒரு கிளைக் கதையை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். ஆப்பிள் கம்பெனியின் மெக்கின்டாஷ், சுருக்கமாக மேக், தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளக் கற்ற கதை. அந்தக் கதையின் வாசலில் தமிழ் எத்தனை வருடம் காத்திருந்தது என்பதும் அதோடு சேர்ந்தது.

முதல் மெக்கின்டாஷ் 1984 ஜனவரி 24ஆம் தேதி வெளிவந்தது. அதன் நினைவகம் 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கிற ஒரு போட்டோகூட அதற்குள் அடங்காது. ஆனால் கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டாமல், திரையில் உள்ள படத்தை மவுஸால் தொட்டே வேலை வாங்கலாம் என்பதைச் சாதாரண ஜனங்களுக்குக் கொண்டுவந்தது அதுதான். மறு வருடமே, 1985இல், லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கரும் வந்து சேர்ந்தன. டி.டி.பி. என்ற தொழில் பிறந்தது. ஈய அச்சுக் கோத்த அச்சகங்கள் ஒவ்வொன்றாகக் குளிர்சாதன அறைக்குள் போனது இப்படித்தான்.

தொட்டு வேலை வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு தரம் செய்யச் சுகம். அதையே முந்நூறு தரம் செய்யணும்னா கை ஒடிஞ்சு போகும். முந்நூறு கோப்புகளுக்குப் பெயர் மாற்ற வேண்டும், முந்நூறு முகவரிச் சீட்டு அச்சடிக்க வேண்டும் என்றால் பூதத்தைக் கூப்பிட்டு, “இப்படி இப்படிச் செய், நான் டீ குடிச்சிட்டு வரேன்” என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு மொழி வேண்டும்.

1987 ஆகஸ்டில் பில் அட்கின்சன் உருவாக்கிய ஹைப்பர்கார்டு வந்தது. நூலகத்தில் இருக்குமே அட்டைப் பெட்டி, அதைத் திரையில் நினைத்துப் பாருங்கள். அட்டைகள், அட்டைகளின் அடுக்கு, ஒவ்வொரு அட்டையிலும் பொத்தான்கள். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கணும் என்பதை ஹைப்பர்டாக் என்ற மொழியில் எழுதலாம். அதை அமைத்தவர் டான் விங்க்லர். பேச்சு ஆங்கிலத்துக்கு நெருக்கமான மொழி அது. கம்ப்யூட்டர் படிக்காத வாத்தியார்களும் டாக்டர்களும் அதில் தங்கள் சொந்தத் தேவைக்கு மென்பொருள் செய்து கொண்டார்கள். உலகமெங்கும் விற்ற ‘மிஸ்ட்’ என்ற விளையாட்டே (1993) மேக்கில் ஹைப்பர்கார்டின் மேல் கட்டப்பட்டதுதான்.

அதே காலத்தில் குவிக்கீஸ் போன்ற சிறு மென்பொருள்களும் புழக்கத்துக்கு வந்தன. நீங்கள் தட்டியதையும் சொடுக்கியதையும் பார்த்து வைத்துக்கொண்டு, கிளிப்பிள்ளை போலத் திரும்பச் செய்யும். திரையில் ஜன்னல் ஒரு அங்குலம் நகர்ந்திருந்தால் போச்சு, சொடுக்கு வேறு எங்கோ விழும்! பொருள் தெரியாமல் செய்கை மட்டும் தெரிந்த வேலையாள் அது.

இதற்கு மருந்தாக, 1991இல் வந்த சிஸ்டம் 7இல் ஆப்பிள் ஒரு ஏற்பாட்டைச் செய்தது. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளுக்குச் செய்தி அனுப்பலாம் – ‘நீ அந்தப் படத்தைத் திற’, ‘நீ இந்தப் பத்தியைக் கொடு’ என்பது மாதிரி. அந்தச் செய்திகளை மனிதர்கள் எழுதுவதற்கென்று 1993இல் வந்த மொழிதான் ஆப்பிள்ஸ்கிரிப்ட். மேக்கில் தானியக்கம் என்று இன்றைக்கு நாம் பேசுவதெல்லாம் இந்த வேரிலிருந்து கிளம்பியவையே.

இனி நான் சொல்லப் போவது மேக் வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆப்பிள்ஸ்கிரிப்ட் பிறந்தபோது அதற்கு ஒரு வாய் இல்லை, மூன்று வாய். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பானியம்!

எப்படி என்றால், நீங்கள் எழுதிய கட்டளையை அது அப்படியே எழுத்தாக வைத்துக் கொள்வதில்லை. பொருளை மட்டும் உரித்தெடுத்துக் குறியீடாக உள்ளே வைத்துக் கொள்ளும். திரும்பக் காட்டும்போது, எந்த மொழி வேண்டுமோ அந்த மொழியின் சொற்களைப் போர்த்திக் காட்டும். பாரீசில் ஒருவர் பிரெஞ்சில் எழுதிய ஸ்கிரிப்டை நியூயார்க்கில் ஒருவர் ஆங்கிலத்தில் திறந்து படிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க நான் சிரமப்படத் தேவையில்லை. பிறப்பு ஒன்றுதான், பிரெஞ்சுச் சான்றிதழில் ஒரு மாதிரி, தமிழ்ச் சான்றிதழில் ஒரு மாதிரி எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பஞ்சாயத்தைக்கூடக் ‘கொம்யூன்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1954 நவம்பர் 1இல் கொடி மாறிய பிறகும் பிரெஞ்சு மொழி நம் ஊர்க் காகிதங்களை விட்டுப் போகவில்லை.

அப்படியானால் நான்காவது வாயாகத் தமிழ் வந்திருக்க முடியுமா? மொழியின் அமைப்பை வைத்துச் சொன்னால், தாராளமாக! ‘தடித்த எழுத்தில் உள்ள எல்லாச் சொற்களின் முதல் எழுத்து’ என்று ஒரு கட்டளை எழுத வேண்டும் என்று வையுங்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் ‘முதல் எழுத்து’ என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகும். ஜப்பானியம் அப்படியில்லை. ‘தடித்த’ என்று தொடங்கி ‘முதல் எழுத்து’ என்று முடியும், அப்படியே நம் தமிழ் மாதிரி. வினை கடைசியில் வரும், அடைமொழி முன்னால் வரும். ஜப்பானியத்துக்காகச் செய்த அதே வேலையைத் தமிழுக்கும் செய்திருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

செய்யவில்லை. “ஜப்பானியனால் முடியும், நம்மால் முடியாதா” என்று மேடையில் முழங்க இது நல்ல இடம். ஆனால் இது முடியும், முடியாது என்கிற விஷயமே அல்ல. அன்றைக்கு ஜப்பான் ஆப்பிளுக்குப் பெரிய சந்தை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மேக் இருந்த இடங்கள் சில அச்சகங்கள், சில அலுவலகங்கள், அவ்வளவே. வாங்குகிறவன் மொழியைத்தான் வியாபாரி கற்றுக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் அதே கணக்குதானே!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிரெஞ்சு வாயும் ஜப்பானிய வாயும் பின்னாளில் மூடப்பட்டன. ஆங்கிலம் மட்டுமே நின்றது. அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. ஆப்பிள்ஸ்கிரிப்டைப் படித்தால் சாதாரண ஆங்கிலம் போலவே இருக்கும். ஆகவே சாதாரண ஆங்கிலத்தில் எழுதினால் புரிந்து கொள்ளும் என்று நினைத்து எழுதுவோம், புரிந்து கொள்ளாது. படிக்கச் சுலபம், எழுதக் கஷ்டம் என்று அதைப் புகழ்ந்தவர்களே புலம்பியிருக்கிறார்கள். ஆகவே, ஏவல் மொழி தமிழாக இல்லாமல் போனதை நான் பெரிய நஷ்டமாக எண்ணவில்லை. நாற்பது ஆங்கிலச் சொல்லை நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் படித்துக் கொள்வார்கள். நஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பூதம் தூக்க வேண்டிய சரக்கு தமிழாக இருந்தால், அதைப் பூதத்தால் தூக்கவே முடியவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அன்றைய கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துக்கு எட்டு பிட். மொத்தம் 256 இடம். அதில் பாதியை ஆங்கிலமும் அதன் குறிகளும் பிடித்துக் கொள்ளும். நமக்கோ 247 எழுத்து. கு, சு, டு, மு என்று உகர வரிசைக்கே ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் வேண்டும். ஆகவே எழுத்துரு செய்தவர்கள் பலரும் ஒரு உபாயம் செய்தார்கள். எழுத்தை வடிவத் துண்டுகளாக உடைத்து, அந்தத் துண்டுகளை ரோமன் எழுத்துகள் உட்கார வேண்டிய நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். திரையில் ‘க’ தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஏதோ ஒரு ஆங்கில எழுத்து. தெருக்கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டி வருகிறவர் மாதிரி! வேஷத்தைக் கலைத்தால், அதாவது எழுத்துருவை எடுத்துவிட்டால், வெறும் ஆங்கிலக் கிறுக்கல்.

இதைச் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த வேஷமாவது இருந்ததால்தான் தமிழ் திரைக்கு வந்தது. 1984 வாக்கில் கனடாவில் இருந்த முனைவர் கே. சீனிவாசன் ‘ஆதமி’ என்ற தமிழ் மென்பொருளைச் செய்தார். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1990களின் முற்பகுதியில் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். மேக்கில் தமிழ் தட்டிய முதல் தலைமுறையில் பலர் அதைத் தெரியாமல் இருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ செய்தார். இவர்களில் யாரும் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் இல்லை, ஆப்பிள் ஊழியரும் இல்லை. வேறு வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி நேரத்தில் செய்தவர்கள்.

ஆனால் ஒவ்வொருவர் நாற்காலி வரிசையும் வேறு வேறு. இவர் ‘க’ வைத்த இடத்தில் அவர் ‘ப’ வைத்திருப்பார். ஒரு அச்சகத்தில் அடித்ததை இன்னொரு அச்சகத்தில் திறக்க முடியாது. அதைவிடக் கொடுமை, எந்திரத்துக்கு அது தமிழ் என்பதே தெரியாது. அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் ஆங்கில வரிசைப்படி அடுக்கும். ஒரு பெயரைத் தேடச் சொன்னால் எழுத்துரு மாறிய பக்கங்களில் இல்லவே இல்லை என்று சாதிக்கும். தேடாமல், அடுக்காமல், எண்ணாமல் தானியக்கம் ஏது?

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கு ஒரு சொல்லடைவு வெளியிட்டது. 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகள். எந்தச் சொல் எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்று காட்டும் புத்தகம். கம்ப்யூட்டர் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. ஒரு நல்ல ஸ்கிரிப்ட் இன்று சில விநாடியில் செய்கிற அடுக்குதலை மனிதர்கள் வருடக் கணக்கில் உட்கார்ந்து செய்தார்கள். அதே நிறுவனம் பிரெஞ்சு கீழ்த்திசைப் பள்ளியோடு சேர்ந்து 2007இல் தேவாரம் முழுவதையும் குறுந்தகட்டில் வெளியிட்டது. நாற்பது வருடத்துக்குள் ஒரே ஊரில், ஒரே கடற்கரைப் பக்கத்தில், அந்த இரண்டும் நடந்திருக்கின்றன.

நாற்காலிச் சண்டைக்குத் தீர்வு ஏற்கெனவே ஒரு மூலையில் இருந்தது. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு; ரோமன் எழுத்தின் நாற்காலியைக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் சட்டத்தில் இடம் இருந்து என்ன, வீட்டில் இடம் இருக்க வேண்டாமா? எந்திரங்கள் அதைப் புரிந்து கொள்ளவில்லை. இடைக்கால ஏற்பாடாக, உலகத் தமிழர்கள் கூடிப் பேசி 1990களின் இறுதியில் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உண்டாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்கள் திஸ்கியில் ஏறிப் பின்னர் யூனிகோடுக்கு மாறின. மைக்ரோசாஃப்ட் 2000இல் தமிழுக்குக் கதவு திறந்தது. ஆப்பிளோ இந்தி, பஞ்சாபி, குஜராத்தி மூன்றுக்கும் முதலில் இடம் கொடுத்துவிட்டுத் தமிழை வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

2005 ஏப்ரல் 29. மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.4, செல்லப் பெயர் ‘டைகர்’, விற்பனைக்கு வந்தது. முத்து நெடுமாறன் வடித்த இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே இருந்தன. அதே டைகரில்தான் ஆட்டோமேட்டர் என்ற புதிய கருவியும் வந்தது. மொழியே வேண்டாம், செயல்களைப் படமாக இழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும், சரம் தொடுப்பது போல. கல்லூரிப் பாடமாக எதையும் படிக்காதவர்கள்கூடப் பூதத்தை ஏவலாம். தமிழும் தானியக்கமும் ஒரே நாளில் ஒரே தட்டில் வந்து இறங்கின. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல; ஆனாலும் இந்தத் தேதியை நான் மறப்பதில்லை.

அப்போதும் ஒரு முள் இருந்தது. ஆட்டோமேட்டர் வந்தாலும், ஆப்பிள்ஸ்கிரிப்டுக்குள் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி வைத்தால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். 2007 அக்டோபரில் வந்த ‘லெப்பர்ட்’ பதிப்பில்தான் ஆப்பிள்ஸ்கிரிப்ட் 2.0 முழுக்க யூனிகோடுக்கு மாறியது. அதன் பிறகு நாம் வைக்கும் பெயர்களைக்கூடத் தமிழிலேயே வைக்கலாம். இரண்டு நேர்க்கோடுகளுக்கு நடுவே எழுத வேண்டும், அவ்வளவுதான். ‘முகவரி’, ‘ஊர்’, ‘படித்த ஆண்டு’ என்று நான் வைத்திருக்கிறேன். பூதம் ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழைச் சுமக்கிறது. நமக்குப் போதும்.

இந்தக் கதைக்கும் நம் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

1990களில் நம் சங்கம் வெளியிட்ட மலர்கள் நகரத்தில் ஒரு டி.டி.பி. நிலையத்தில் மேக்கில் கோக்கப்பட்டவை. அச்சான பிரதிகளின் கட்டு ஒன்று மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டில் இருந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். ஒதியம்பட்டுப் பக்கம் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் நின்றது தண்ணீர். அந்தக் கட்டு முழுவதும் நனைந்து ஒரே பலகையாக ஒட்டிக் கொண்டது. மிஞ்சியவை சில ஃபிளாப்பிகள்தான். அவற்றில் நம் பேராசிரியர்கள் எழுதிய வாழ்த்துரைகள், இன்று நம்மோடு இல்லாத நண்பர்களின் கட்டுரைகள், விடுதித் துணுக்குகள் எல்லாம் இருக்கின்றன.

ஃபிளாப்பியைப் படிப்பதே ஒரு யாகம். பழைய மேக்கின் வட்டு அமைப்பைப் படிக்கிற வசதியை ஆப்பிள் 2019இல் ‘கேட்டலினா’ பதிப்போடு எடுத்துவிட்டது. ஆகவே பழைய எந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0, அதை விட்டுவிட்டு அடோபி கம்பெனி இன்டிசைனுக்குப் போய்விட்டது. அதன் பழைய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், புதியவை திறக்காது. இப்படி ஒரு கதவுக்குள் இன்னொரு கதவாகத் திறந்து எழுத்தை வெளியே எடுத்தால், கிடைத்தது வேஷம் கலைந்த ஆங்கிலக் கிறுக்கல்!

இதை யூனிகோடுத் தமிழாக்க ஸ்கிரிப்ட் எழுதியபோது கற்றுக்கொண்டதை மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது வெறும் ‘இதை எடு, அதை வை’ வேலை அல்ல. பழைய எழுத்துரு, தட்டச்சுப்பொறி மாதிரி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை வைத்திருக்கும். ‘கொடி’ என்ற சொல்லில் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால், பிறகு டி. யூனிகோடோ ஒலிக்கும் வரிசையில் வைக்கும்: முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி. ஆகவே கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் போட வேண்டும். அதற்கு முன்னால், எதிரே கால் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் நின்றால் கொ, நிற்காவிட்டால் கெ. நீளமான சேர்க்கையை முதலில் பார்க்காமல் குட்டியை முதலில் பார்த்தால் ‘கொடி’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஆகிவிடும். இன்னொன்று, மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டக் கூடாது. முதல் மாற்றத்தில் வந்த எழுத்தை மூன்றாம் மாற்றம் பிடித்துத் தின்றுவிடும். ஒரே நடையில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மேக்கில் இருக்கும் பெர்ல் மொழி இதற்கு ஏற்றது. அதை ஆட்டோமேட்டருக்குள் வைத்துவிட்டால், கோப்பை இழுத்து அந்தச் சின்னப் படத்தின் மேல் போட்டதும் பக்கத்திலேயே தமிழ்க் கோப்பு வந்து விழும்.

அகர வரிசையிலும் பார்த்து நடக்க வேண்டும். யூனிகோடின் எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. எண்ணை மட்டும் வைத்து அடுக்கினால் கனகா முன்னால் வருவார், கமலா பின்னால் போவார். நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. ஆகவே கமலாதான் முன்னால். உறுப்பினர் பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் ஆண்டு விழாவில் சண்டை வரும்!

நல்ல கருவிகளுக்கு இன்று குறைவில்லை. கோப்புகளில் தேடி மாற்ற பிபிஎடிட், 1990களிலிருந்து இருக்கிறது. விசைக்கு ஒரு வேலை என்று கட்டிவைக்கக் கீபோர்டு மேஸ்ட்ரோ. இரண்டு எழுத்துத் தட்டினால் முழு முகவரியையும் விரித்துக் கொடுக்க டெக்ஸ்ட்எக்ஸ்பாண்டர். சொல்லைத் தட்டி எதையும் திறக்க லாஞ்ச்பார், ஆல்ஃபிரட். எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். மேக்கோடு வருவதிலேயே முக்கால் வேலை நடந்துவிடும்.

ஆனால் கம்பெனியை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது எனக்குச் சம்மதமில்லை. ஹைப்பர்கார்டு விற்பனையை ஆப்பிள் 2004இல் நிறுத்தியது. அதில் கட்டிய பாடங்களும் பட்டியல்களும் அனாதையாயின. 1997 முதல் ஆப்பிளுக்குள் இருந்து ஆப்பிள்ஸ்கிரிப்டையும் ஆட்டோமேட்டரையும் வளர்த்துக் காத்தவர் சால் சோகோயன். 2016இல் அவர் வகித்த பதவியையே ஆப்பிள் எடுத்துவிட்டது. 2017இல் வொர்க்ஃப்ளோ என்ற செயலியை வாங்கி, அதை ஷார்ட்கட்ஸ் ஆக்கி, 2021இல் மேக்குக்கும் கொண்டுவந்தார்கள். இனி இதுதான் வழி, மெதுவாக மாறிக் கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக் கொள்கிறேன். ஸ்கிரிப்டு எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுத்தை மட்டும் அலங்காரம் இல்லாத யூனிகோடுக் கோப்பாக ஒரு பிரதி வைத்துவிடுங்கள். பேஜ்மேக்கர் போனதும் நம் மலர்கள் போகப் பார்த்ததே, அதுபோல் இன்னொரு தரம் நடக்க வேண்டாம்.

இதுவரை மூன்று வருடத்து மலர்கள் மீண்டிருக்கின்றன. மீளாதவை சில சொற்கள். காரணம் நம் தட்டச்சுப்பொறி செய்த பழைய வினை. ‘கௌ’ என்பதன் பின்பாதியும் ‘ள’ என்ற எழுத்தும் பார்க்க ஒன்றே. அன்று இரண்டுக்கும் ஒரே விசை. இன்றும் செய்தித்தாள்களில் கௌரவத்தைக் ‘கெளரவம்’ என்று ள போட்டு அடிக்கிறார்களே, அது இந்த வம்சம்தான். ஸ்கிரிப்டிடம், “கொம்பு, எழுத்து, ள வந்தால் ஔகாரமாக்கு” என்று சொன்னேன். கௌரவமும் பௌர்ணமியும் அழகாக வந்தன. ஆனால் விடுதித் துணுக்குகளில் நம் பையன்கள் பேச்சுத் தமிழில் எழுதியிருந்த ‘கெளம்புடா’ எல்லாம் ‘கௌம்புடா’ ஆகிவிட்டது. ‘வெளயாட்டு விழா’ ‘வௌயாட்டு விழா’ ஆயிற்று! பூதம் சொன்னதைத்தான் செய்தது. ஒவ்வொன்றாக ஆள் உட்கார்ந்து பார்த்துத் திருத்தினோம். எல்லாம் சரி செய்தாகிவிட்டது, ஒன்றைத் தவிர. விடுதி நாடகம் பற்றிய ஒரு துணுக்கில் கடைசி வரி ஃபிளாப்பி கெட்டுப்போன இடத்தில் பாதியில் நிற்கிறது: ‘திரை விழுந்ததும் வார்டன் எழுந்து, கெள–’. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வார்டன் கௌரவித்தாரா, கெளம்பச் சொன்னாரா? எழுதியவர் பெயரும் அந்தப் பக்கத்தில் இல்லை. அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பழைய ஃபிளாப்பி எது இருந்தாலும் வெயில் படாமல் கொண்டு வாருங்கள்; அந்தப் பழைய எந்திரம் இன்னும் ஓடுகிறது.